ரேகை தெரியும் வரை

எங்கள் வீட்டில் யாரும் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டதில்லை. உள்ளங்கையைப் பார்த்துத்தான் சாப்பிட்டோம். செகந்திராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரி வீட்டின் பின்கட்டில் பொழுது சாயும் நேரத்துக்கு அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று எல்லோரும் கையை விரித்துப் பிடித்தபடி நிற்போம். அவரவர் கையில் அவரவர் கண்ணுக்கு ரேகை தெரிந்தால் சோறு. தெரியவில்லையென்றால் தட்டு உள்ளே போய்விடும், அப்புறம் விடிகிற வரைக்கும் பட்டினிதான். அப்பா ரயில்வேக்காரர். சிக்னல் இல்லாமல் வண்டி நகராது என்கிற மாதிரிதான் இதையும் நடத்தினார்.

பள்ளிக்கூடத்தில் என்கூடப் படித்த பெண்களின் வீடுகளில் நன்றாக இருட்டியபிறகு, விளக்கைப் போட்டுக்கொண்டு, கதை பேசியபடி சாப்பிடுவார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும். ஒரு நாள் பொறுக்காமல், "ஏம்ப்பா நாம மட்டும் இப்படி?" என்று கேட்டேன். "இருட்டுல சாப்பிட்டா அது நம்ம சோறு இல்ல. வேற யாரோட உசுரோ அதுல இருக்கும்" என்றார். அவருக்கே அதற்குமேல் தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அந்த யாரோவை நினைத்து நடுங்கினேன். விளக்கு வைத்ததும் அந்த ஆள் பின்கட்டு வழியாக வந்து எங்கள் காலித் தட்டுகளின் முன்னால் உட்காருவதாகவே நம்பினேன். ராத்திரி தண்ணீர் குடிக்கக்கூட அந்தப் பக்கம் போகமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. கிணற்றுத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டியபின் அந்தத் துணியைக் கிணற்றுக்குள்ளேயே கவிழ்த்து அலச வேண்டும். வேறெங்காவது உதறினால் அம்மாவிடம் முதுகில் ஒன்று விழும். "எடுத்த எடத்துலயே விடணும்டி" என்பாள். எதை விடணும் என்று கேட்டால் இன்னொன்று விழும்.

இத்தனைக்கும் நாங்கள் நெற்றி நிறைய விபூதி பூசுகிற குடும்பம். பூர்வீகம் செஞ்சிப் பக்கம். அங்கே எங்கள் சனத்தை நீறுபூசிகள் என்பார்கள். ஊரில் முக்கால்வாசிப் பேர் நீறு பூசும்போது எங்களுக்கு மட்டும் எதற்கு அந்தப் பெயர் என்று யோசிக்கும் புத்தி யாருக்கும் வரவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

கல்யாணத்தோடு என் ரேகை பார்க்கிற வேலை முடிந்தது. புகுந்த வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு முன்னால் அடுப்பே அணையாது. இப்போது கொண்டாப்பூர் ஃப்ளாட்டில் நாங்கள் எப்போது சாப்பிடுகிறோம் என்பது எங்களுக்கே தெரியாது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் கல்யாணமும் கட்டிக்கொள்ளாமல், மல்காஜ்கிரி வீட்டை விட்டு நகராமல், கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார். மாடியில் ஒரு மார்வாடிக் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. சமணர்கள். அவர்களும் பொழுதோடு சாப்பிட்டுவிடுவார்கள். "நம்மளப் பாத்துக் கத்துக்கிட்டாங்க, நல்ல சனம்" என்பார் அண்ணன். நினைப்புதான்!

போன வருஷம் அண்ணனுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது. போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். இனிமேல் பேப்பர் படிக்க முடியாது, ரோடு தாண்ட முடியாது என்றெல்லாம் நினைத்து அழுதேன். கை ரேகையை நினைக்கவே இல்லை, மக்கு நான்.

துவைக்கிற கல் புரண்டது இந்த வருஷம் மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு. பின்கட்டில் தண்ணீர் தேங்குகிறது என்று குழாய் பதிக்க ஆள் வைத்தோம். கிணற்றோரம் கிடந்த அந்தக் கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டினார்கள். புரட்டிய வேகத்தில் கடப்பாரையைப் போட்டுவிட்டு, "தேவுடு, தேவுடு" என்று தெலுங்கில் சாமியைக் கூப்பிட்டபடி பின்வாங்கினார்கள்.

கல்லின் அடிப்பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சம்மணம் போட்டு, உடம்பில் பொட்டுத் துணியில்லாமல், மடியில் கைமேல் கையாக வைத்து, உள்ளங்கையை வானம் பார்க்க விரித்திருந்தார். காது தோள் வரை தொங்கியது. கண் பாதி மூடியிருந்தது. இத்தனை காலம் மண்ணில் முகம் புதைத்துக் குப்புறக் கிடந்தவர் மூஞ்சியில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அம்மா அந்தக் கல்லில் துணி அடித்த சத்தம் என் காதில் அப்போது கேட்டது, நிஜமாகவே கேட்டது. "யாரோ ஒருத்தர் முதுகுல அடிச்சுக்கிட்டே இருந்திருக்கோம்ணா" என்றேன்.

அண்ணன் கல்லைக் கிணற்றுச் சுவரோரம் நிமிர்த்தி வைக்கச் சொன்னார். குளித்தார். விபூதி மடலோடு வந்து, கண் சரியாகத் தெரியாததால் தடவித் தடவிக் கல்லில் இருந்தவர் நெற்றியைக் கண்டுபிடித்து, மூன்று விரலால் பட்டையாகப் பூசினார். மார்பு, தோள், கை என்று எதையும் விடவில்லை. பாதி அந்த மடியில் கொட்டியது. "யாரா இருந்தா என்னா? நம்ம வீட்டுல இருக்கிறவரு நெத்தி பாழாக் கெடக்கலாமா?" என்றார்.

சத்தம் கேட்டு இறங்கி வந்த மாடி அம்மாள் கல்லைப் பார்த்ததும் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அரே பாய்சாப், யே க்யா கியா ஆப்னே!" என்றாள், என்ன காரியம் பண்ணிவிட்டீர்கள் என்று பதறி. அவர் சமணர்களின் தீர்த்தங்கரர், அவருக்கு நீறும் கிடையாது, சோறும் கிடையாது என்று ஹிந்தியில் விளக்கினாள். இந்தத் தெலுங்கு மண்ணில் தெலுங்கு பேசிய சமணர்கள் இருந்தார்களாம். கொலனுபாக என்கிற ஊரில் அந்தக் காலத்துக் கோவில் இன்னும் இருக்கிறது, போய்க் கும்பிடுகிறவர்களெல்லாம் தன்னைப்போல வடக்கிலிருந்து வந்தவர்கள்தான், கட்டினவர்களின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது என்றாள். சொல்லிவிட்டு அண்ணனையே உற்றுப் பார்த்தாள். "நீங்கள் ஏன் இருட்டினால் சாப்பிடுவதில்லை? துணியை ஏன் கிணற்றிலேயே அலசுகிறீர்கள்?"

"ஹவ், ஆமா, அது எங்க குடும்பப் பழக்கம். நாங்க சுத்த சைவம்" என்றார் அண்ணன், நெற்றிப் பட்டையைத் தொட்டுக் காட்டி.

அவள் சிரிக்கவில்லை. இருட்டில் சாப்பிட்டால் தட்டில் விழுகிற பூச்சி தெரியாது, அதன் உயிர் போய்விடும் என்பதற்காகத்தான் தன் வீட்டில் அந்த விதி என்றாள். துணியில் தங்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை அதனதன் தண்ணீரிலேயே விட்டுவிடவேண்டுமாம். நான் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயசில் நான் பயந்து செத்தேனே, அந்த விதியில் நாங்கள் பயப்பட வேண்டியவர் ஒருவருமே இல்லை. எங்களால் யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்று யாரோ பார்த்துப் பார்த்துச் செய்து வைத்தது அது.

அன்று சாயங்காலமே செஞ்சியிலிருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். இந்தப் பழக்கமெல்லாம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "இப்ப எதுக்கும்மா அது? ஒரு காலத்துல நாம சமணங்கதான். ராஜாவுக்குப் பயந்து, தலை தப்பினாப் போதும்னு நீறு பூசிக்கிட்டாங்களாம். பூசினவங்க வாரிசு நாம. பூசாதவங்க இருந்தாங்களா, போனாங்களா, யாரு கண்டா?" என்று வைத்துவிட்டார்.

குழாய் வேலைக்காக நான் அங்கேயே தங்கியிருந்தேன். மறுநாள் காலையில் கல்லில் விபூதி இல்லை. நெற்றி, தோள், மார்பு எல்லாம் கழுவி விட்டாற்போலக் கறுப்பாக இருந்தது. மாடி அம்மாளைக் கேட்டால் சத்தியம் பண்ணுகிறாள், தான் தொடவே இல்லையென்று. அண்ணன் மறுபடி பூசினார். அடுத்த நாளும் இல்லை. "கல்லு வேர்க்குது பாப்பா, தொட்டுப் பாரு" என்றார். தொட்டேன். மழையில்லாத நாளில், வெயிலில், கல் ஈரமாக இருந்தது. அதற்கப்புறம் நான் தொடவில்லை.

அண்ணனின் சாப்பாடு சுருங்கத் தொடங்கியது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. முதலில் சாயங்காலச் சோறு நின்றது. பிறகு காலை இட்லி. உச்சி வெயிலில் முற்றத்தில் நின்று, கையை மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்து, தெரிந்தால் மட்டும் ஒரு வேளை. ஆடி பிறந்து மேகம் கவிந்ததும் அதுவும் போயிற்று. "ரேகை தெரியல, நக்கோ, வேணாம்" என்று தட்டைத் தள்ளிவிடுவார். மனுஷன் கண்முன்னால் உருகினார். டாக்டர் திட்டினார். மாடி அம்மாள், கண் தெரியாதவர்களுக்கு வேறு ஆள் பார்த்துச் சொல்லலாம், தப்பில்லை என்று கும்பிட்டுச் சொன்னாள். "அவனவன் கைய அவனவன் பாக்கணும், அப்பா சொன்னது" என்றார். அப்பாவுக்கே காரணம் தெரியாதேண்ணா, பூச்சிக்காகத்தானே என்றேன். "காரணம் தெரிஞ்சப்புறம் எப்படி மீறுறது? எனக்குக் கண்ணு தெரியாதுன்னு பூச்சிக்குத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டார். இவரோடு பேசி ஜெயிக்க முடியுமா?

என்கூட வந்துவிடு என்றால் வரமாட்டார். நான் போகும்போதெல்லாம் கல்லுக்குப் பக்கத்தில், அதே மாதிரி சம்மணம் போட்டு, மடியில் கையை விரித்து வைத்திருப்பார். மெலிய மெலிய அவருக்குக் காது பெரிதாகத் தெரிந்தது. மேல்சட்டை போடுவதையும் விட்டுவிட்டார். மூஞ்சியில் எந்தச் சுளிப்பும் இல்லை. "பொழுது சாயும்போது மேலேயிருந்து பார்த்தால் இரண்டு பேர் தெரிகிறார்கள். எது உங்கள் அண்ணன் என்று எனக்குத் தெரிவதில்லை" என்று மாடி அம்மாள் என்னிடம் தனியாகச் சொன்னாள். என் அண்ணனையும் அந்த நீறு பூசாதவர்கள் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு போய்விடப்போகிறார்கள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஆடிக் கடைசியில் ஒரு நாள் மாடி அம்மாளே போன் செய்தாள். நேற்றும் சாப்பிடவில்லை, இன்றும் இல்லை, எழுந்தால் தள்ளாடுகிறார், உடனே வாருங்கள் என்றாள். ரசம் சாதத்தையும் அவரைக்காய்ப் பொரியலையும் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். மழைத் தண்ணீரில் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. குகட்பள்ளியைத் தாண்டும்போது என்னை அறியாமல் கையை விரித்துப் பார்த்தேன். இன்னும் தெரிந்தது. ஆட்டோக்காரரைக் கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லிச் சண்டை போட்டேன். செகந்திராபாத் வருவதற்குள் ரேகை மங்கிவிட்டது.

மல்காஜ்கிரியில் கரண்ட் இல்லை. பின்கட்டில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "அண்ணா" என்றேன். இருவருமே பதில் சொல்லவில்லை. கிட்டே இருந்தவர் தோளைப் பிடித்தேன். சில்லென்று ஈரமாக இருந்தது, அசையவில்லை. போய்விட்டார் என்றே நினைத்தேன். "ஐயோ" என்று நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"கத்தாத பாப்பா. நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

தரையில் உட்கார்ந்தேன். தூக்குவாளியைத் திறந்தேன். "சாப்பிடுண்ணா. உன் காலைப் புடிச்சுக்கறேன், எனக்குன்னு நீ ஒருத்தன்தான் இருக்கே."

"கையப் பாத்துட்டேன். இல்ல."

"தெரியுதுன்னு பொய்யாவது சொல்லித் தொலையேன்!"

"யாருகிட்ட?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அப்பாவைத் திட்டினேன், அவர் ரேகையைத் திட்டினேன், செஞ்சியை விட்டேனா, இல்லை. கடைசியில் கல்லின் பக்கம் திரும்பினேன். "உனக்குத் துணி வேணாம், சோறு வேணாம், நீ ஒக்காந்திருப்பே. என் அண்ணனுக்குப் பசிக்கும்! அவனை எங்கிட்ட விடு" என்று கல்லின் மூஞ்சிக்கு நேரே கத்தினேன். கத்திவிட்டு அழுதேன்.

"பாப்பா, செத்த சும்மா இரு" என்றார் அண்ணன். குரல் வேறு மாதிரி இருந்தது. "அது என்னா, வெள்ளையா?"

கல்லின் மடிப்பக்கம் குனிந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். நானும் குனிந்தேன். அவர் நாள்தோறும் பூசிய விபூதி நெற்றியிலும் தோளிலும் துளிகூட இல்லை. ஆனால் விரித்த அந்த உள்ளங்கையில், செதுக்கியவர் மெல்லிசாகக் கீறிவைத்திருந்த கோடுகளில், வெள்ளை வெளேரென்று தங்கியிருந்தது. அப்படி ஒரு கோடு இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. என் கை எனக்கே தெரியாத அந்த இருட்டில் கறுப்புக் கல்லின் ரேகை பளிச்சென்று தெரிந்தது.

"உனக்குத் தெரியுதாண்ணா?"

"தெரியுது பாப்பா. இதோ, வளைஞ்சு போவுது. இது இன்னொண்ணு." விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

என் வாய் சும்மா இருக்காது. "அது உன் கை இல்லியேண்ணா" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணன் தன் இடது கையைக் கொண்டுபோய் அந்தக் கையின்மேல் வைத்தார்.

"நம்ம கைதான். சோத்தைப் போடு."

போட்டேன். அவசரத்தில் பாதி ரசம் கீழே போயிற்று. அவர் இடது கையை எடுக்காமலே முழுவதையும் சாப்பிட்டார்.