இடமில்லை என்று சொல்லும் வேலை

நாய்க் காப்பகத்தில் எல்லோரும் அவளைப் ‘போன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலை ஒட்டிய சின்ன அறை, ஒரு மேசை, ஒரு தொலைபேசி. நாயைக் கொண்டுவந்து விடலாமா என்று கேட்பவர்களிடம் “இடமில்லைங்க” என்று சொல்வதுதான் அவள் வேலை. அது பொய்யும் இல்லை. நாலு நாய்க்குக் கட்டிய கூண்டில் பத்து கிடந்தன. குளிப்பாட்டும் தொட்டிக்குக் குறுக்கே பலகை வைத்துத் தடுத்து, அங்கேயும் குட்டி போட்ட ஒன்றை விட்டிருந்தார்கள்.

கூப்பிடுகிறவர்கள் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், வீட்டில் வளர்த்ததையே தெருவில் கண்டெடுத்ததாகச் சாதிப்பார்கள்.

“தெருநாய்ங்கறீங்க. நீங்க ‘உக்காரு’ன்னதும் குரைக்கிறத நிறுத்திடுச்சே?” என்று அவள் கேட்டால் பட்டென்று போனை வைத்துவிடுவார்கள்.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். காப்பகத்தில் ஒரு வாயாவது குறையட்டும் என்று, நச்சரித்து அண்ணன் தலையில் ஒரு நாயைக் கட்டியிருந்தாள். ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு வட்டம். அதனால் பொத்தான் என்று பெயர். அண்ணனுக்கு அதன் மேல் உயிர்.

இரண்டே அறை வீடு. அண்ணியின் அம்மா இடுப்பு முறிந்து, கட்டிலோடு வந்து சேர்ந்தார். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்த சந்தில் அவளும் பொத்தானும் முடங்கிக்கொண்டார்கள். அண்ணி கொடுமைக்காரி இல்லை. ஆனால், “இந்த வீட்ல மூச்சு விடக்கூட இடமில்ல” என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அது யாருக்கு என்று கேட்க இவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஒருநாள் பல் வைத்தியரிடம் போவதால் மதியம்தான் வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தாள். வைத்தியர் வரவில்லை, நேரே காப்பகத்துக்கு வந்துவிட்டாள். உட்கார்ந்ததும் தொலைபேசி அடித்தது. “சொல்லுங்க” என்றாள். அந்தப் பக்கம் போனில் எதுவோ உரசுகிற சத்தம் கேட்டது.

“மேடம், எங்க தெருவுல ஒரு நாய் சுத்துது. பாவமா இருக்கு. கொண்டுவந்து விடட்டுமா?”

துணியை வைத்து அமுக்கிய குரல். ஆனால் பேசி முடித்ததும் வந்த அந்த இரட்டை இருமலை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ‘அண்ணே, நீயா?’ என்று தொண்டை வரை வந்தது. கேட்டுவிட்டுச் சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போவது?

“இடமில்லைங்க, சார்.”

“ரொம்ப சாது, மேடம். குழந்தை மாதிரி.”

“தெருநாய் சாதுன்னு உங்களுக்கு எப்படி, சார், தெரியும்?”

இணைப்பு துண்டானது. அவளை அடையாளம் தெரிந்துதான் வைத்தாரா என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவள் எழுந்தபோதே பொத்தானைக் காணவில்லை; வேலைக்கு வந்தால், காப்பகத்துக் கேட்டில் அது கட்டிக் கிடந்தது. அவளைப் பார்த்ததும் உடம்பே வாலாக ஆடியது.

“உங்கிட்ட மட்டும் என்ன இப்படி ஒட்டுது?” என்றார் டாக்டரம்மா. பொத்தான் இங்கிருந்து போன பிறகு வந்தவர்; இப்போது காப்பகமே அவர் பொறுப்பு.

“எல்லாம் இப்படித்தானே, டாக்டரம்மா” என்றாள்.

அன்று சாப்பிடும்போது அண்ணன் தட்டைப் பார்த்தே பேசினார். “பொத்தான் எங்கயோ ஓடிட்டாம்மா. கதவு தெறந்திருந்துச்சு.”

“தேடாத இடமில்ல” என்றாள் அண்ணி. பிறகு நிஜமான பரிவோடு, “இனிமே நீயாவது கால நீட்டிப் படுக்கலாம்” என்றாள்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பத்தோடு பதினொன்றாகக் கூண்டுக்குள் போன பொத்தானைச் சோற்றுச் சண்டையில் மற்றவை காது கிழியக் கடித்தன. அதன் பிறகு அது தட்டுப் பக்கமே போகாமல் அவள் அறையைப் பார்த்து நின்றது. அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கதவைத் திறந்த அண்ணன் திகைத்தார். “அட! எங்கே கெடைச்சான்?”

“வர்ற வழியிலண்ணே.”

அவர் குனிந்து கிழிந்த காதைத் தடவினார். உள்ளேயிருந்து அண்ணி, “ஐயையோ, இப்ப இத எங்க படுக்க வைக்கிறது?” என்றாள்.

அண்ணன் நிமிர்ந்தார். கண்ணில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

“நீயே சொல்லும்மா. இருக்கறது ரெண்டு ரூம். நான் யாரை வெளியே அனுப்புவேன்?”

அவள் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டாள். “காப்பகத்துல இடம் இருக்குண்ணே. அங்கேயே விட்டுடறேன்.”

இத்தனை வருஷ வேலையில் இடம் இருக்கிறது என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மா முணுமுணுத்துக்கொண்டே, அவள் மேசைக்கு அடியில் அதைக் கட்டிவைக்கச் சம்மதித்தார். இனி எந்த நாய்க்கும் சிபாரிசுக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். பொத்தான் இப்போது அங்கேதான் இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறது. சாயங்காலம் அவள் பையை எடுத்ததும் எழுந்து, சங்கிலி எட்டும் வரை கூடவே வரும். அவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடப்பாள்.