“என்னட்டக் கேளுங்கோ” என்ற தெரேசாக்கா

பரந்தன் பஸ் தரிப்பில் நின்றபோதுதான் மிஸி வந்து சொன்னார்: “தெரேசாக்கா மோசம் போயிட்டா. நெஞ்சுநோ எண்டவாவாம், உடனை உயிர் போயிட்டுதாம்.” எங்கள் மனநலக் கிளினிக்கின் தாதி அவர்; எல்லாருக்கும் மிஸி. ‘எங்கள்’ என்று எழுத இப்போதும் கூசுகிறது. பக்கத்தில் நின்ற பெண்களுக்குக் கேட்டிருக்குமோ என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன். அழுகை பிறகுதான் வந்தது.

தெரேசாக்கா முல்லைத்தீவுக் கரையில் மீன் விற்றவர். முரசுமோட்டையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நான் அவரைக் கண்டது கிளினிக்கில்தான். முதல்நாள் டொக்டர் என் அண்ணரைப் பார்த்து, நான் சாப்பிடுகிறேனா, நித்திரை கொள்கிறேனா என்று கேட்டார். அண்ணர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நான் பக்கத்தில் மூட்டை மாதிரி இருந்தேன். அடுத்தது தெரேசாக்காவின் முறை. அவரின் கணவர் வாயைத் திறந்ததும், தெரேசாக்கா தன் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

“டொக்டர், வருத்தம் எனக்கு. என்னட்டக் கேளுங்கோ.”

டொக்டர் நல்ல மனுசன், கோபிக்கவில்லை. அன்றிலிருந்து எல்லாரிடமும் நேரே கேட்கத் தொடங்கினார். கொஞ்சநாளில், கிளினிக்கை எப்படித் திருத்தலாம் என்று சொல்ல, மருந்தெடுப்பவர்களில் இருவர் மாதக் கூட்டத்துக்கு வரவேண்டும் என்றார். தெரேசாக்கா உடனே சம்மதித்தார். மற்ற ஆள் நான்தான் என்றும் அவரே சொல்லிவிட்டார். தலையாட்டிவிட்டு நான் போகவேயில்லை. தாய்மாருக்குத் தெரிந்தால் பிள்ளைகளை என்னிடம் விடுவார்களா?

அவர் தனியே போய் வாதாடினார். எங்களைப் பின்வாசலில் ஒதுக்காமல் மற்ற நோயாளரோடு வரிசையில் விடவேண்டும் என்றார். மருந்து ஏன் கையை நடுங்கவைக்கிறது என்று சொல்லித்தான் தரவேண்டும் என்றார். இரண்டும் நடந்தன. அந்த வரிசையிலும் நான் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஏசவில்லை.

“வெக்கம் போக நாள் எடுக்கும், ரீச்சர். அதுவரைக்கும் நான் ரெண்டு பேருக்கும் சேத்துக் கதைக்கிறன்.”

ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

செத்தவீட்டில் மகள் என் கையைப் பிடித்து, அம்மாவை எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவவிட்ட மீன் வாங்கிறனான் என்றேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொன்னேன்! வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

“கிளினிக் ஆக்கள் ஆரும் வருவினம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்,” என்றாள். “அம்மா அவையளைப் பற்றித்தான் எந்த நேரமும் கதைக்கிறவா.” சொல்லிவிட்டு வாசல் படலைப் பக்கம் பார்த்தாள். பெட்டியை மூடும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

தெரேசாக்கா, போய் வாருங்கள்.

பிள்ளை, நான் வந்திருந்தேன். உன் அம்மாவோடு மருந்தெடுத்தவள் நான்.