கோட்டை இடம் மாறிய காலை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் இஷ்பெல் ராங்கினைத் தெரியாதவர் உலகத்திலேயே இல்லை. உலகம் என்றது கொஞ்சம் கூடுதல்தான். எடின்பரோவுக்கு வந்து, மேல்தளம் திறந்த சுற்றுலாப் பேருந்தில் ஏறி, காதும் கேட்கிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகப் பக்கம் மீன்கடைக்கு மேல்வீட்டில் பிறந்தவள். மீன் கூவி விற்ற அம்மாவின் குரல் அப்படியே வந்திருக்கிறது. கையிலுள்ள மைக் சும்மா அலங்காரம். பிஸ்கட் ஆலை மூடியதும் பேருந்துக்கு வந்தாள். கண்ணில் படும் கல்லுக்கெல்லாம் கதை சொல்வாள். அதில் சில நான் கட்டிக் கொடுத்த சரக்கு. ஒரு முட்டுச்சந்தைக் காட்டி, வாத்துக்காக வாதாடித் தோற்று, அந்த வாத்தையே மணந்துகொண்ட வக்கீலின் கதையைச் சொன்னாள். ஜெர்மானியத் தம்பதி ஒன்று வாத்தின் கல்லறையைத் தேடி மழையில் அலைந்துவிட்டுப் புகார் கொடுத்தது.

மேலாளர் டல்லக் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு கட்டுக்கதை என் காதுக்கு வந்துச்சுன்னா, மைக்கைக் குடுத்துட்டு டிக்கெட் கூண்டுல போய் உக்காந்துக்கங்க."

கூண்டு என்றாலே இஷ்பெலுக்கு மூச்சு முட்டும். கதையில்லாமல் இவள் எப்படித்தான் ஊரைக் காட்டுவாள் என்று பார்க்க மறுநாள் நானும் ஏறி, கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன்.

கடலிலிருந்து ஏறிய மூட்டம் ஊரையே விழுங்கியிருந்தது. முன்வரிசையில் கேத்கார்ட் என்ற கிளாஸ்கோக்காரர். எங்களைக் கஞ்சர்கள் என்று கிண்டலடிப்பதில் அந்த ஊர்க்காரர்களுக்கு அலாதி இன்பம்.

"ஏம்மா, உங்க ஊர்ல வந்தவங்களுக்கு ஒரு டீ குடுக்க மாட்டீங்கன்னு தெரியும். ஊரையுமா ஒளிச்சு வெப்பீங்க?"

"டீ எதுக்கு ஐயா? நீங்கதான் சாப்பிட்டுட்டு வந்திருப்பீங்களே!"

சிரிப்பு அடங்கியதும் இஷ்பெல் மைக்கை உயர்த்தினாள். "இன்னிக்குக் கண்ணுக்கு லீவு. மூக்கைத் தொறந்து வைங்க. தானியம் வேகுற வாசனை வருதா? அது மேற்குப் பக்கம் விஸ்கி ஆலை."

அத்தனை பேரும் நாய்க்குட்டிகள் மாதிரி மூக்கைத் தூக்கினார்கள்.

"ஏதோ கருகுதே?" என்றாள் ஒரு பெண்.

"அது டிரைவரோட பிரேக்கு, கண்ணு. பயப்படாதே. இப்ப கடகடன்னு ஆடுதா? கல்லு பாவின தெரு. ஆங், இடது பக்கம் அண்ணாந்து பாருங்க. தலைக்கு மேலயே கோட்டை!"

கழுத்துகள் இடப்பக்கம் திரும்பின. அந்த நேரம் பார்த்துக் காற்று மூட்டத்தைக் கிழித்தது. இடப்பக்கம் ஒரு சோபாக் கடை. தள்ளுபடி என்று எழுதியிருந்தது. கோட்டை வலப்பக்கத்தில், எங்கோ தூரத்தில், இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லாதது போல நின்றது. சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் டிரைவர் சொல்லாமல் வேறு வழியில் திருப்பியிருக்கிறார்.

"ஏம்மா, உங்க கோட்டை எழுந்து நடக்குமா?" என்றார் கேத்கார்ட்.

மூட்டத்தில் உலாவப் போகும் கோட்டையின் கதை அவள் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. எனக்குத் தெரியும். 'சொல்லு, சொல்லு' என்று பின்னாலிருந்து சைகைகூடக் காட்டினேன். என்னைப் பார்த்தாள். கதையை விழுங்கிவிட்டாள்.

"இல்லீங்க. தப்பாச் சொல்லிட்டேன். பொறந்த ஊர்ல எங்க இருக்கேன்னு எனக்கே தெரியல."

இறங்குமிடத்தில் டல்லக் காத்திருந்தார். "எப்படி இருந்துது சார்? ஏதாவது கதை விட்டாங்களா?"

"கதையா? எடின்பரோக்காரங்க தப்பை ஒத்துக்கிட்டு நான் பாத்ததே இல்ல. இன்னிக்குப் பாத்துட்டேன். கோட்டை யாருக்கு வேணும்?" என்றார் கேத்கார்ட்.

டல்லக் சிரிப்பை அடக்கத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நாளைக்கும் காலை வண்டிதான்" என்றார் இஷ்பெலிடம். மைக் அவள் கையிலேயே இருந்தது.

இதை எழுதி முடித்து அவளுக்கே வாசித்துக் காட்டினேன். டீயில் பிஸ்கட்டை நனைத்தபடி கேட்டவள் முகத்தைச் சுளித்தாள்.

"வலது பக்கம்னு ஏன்க்கா எழுதியிருக்கீங்க? கோட்டை பின்னாடியில்ல இருந்துது!"