கிளிப்பச்சைக் காலர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர், நண்பர் எல்லாருக்கும் வணக்கம். என் அண்ணன் ஆண்டவரிடம் போய் ஓர் ஆண்டு முடிகிறது. நான் பத்தாவதோடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளைகளே, ஜெனி, ஆல்பர்ட், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கூடத்து அலமாரியில் நிற்கும் சின்னச் சிப்பாய்கள் பெரியப்பாவுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் பெரியப்பா பெருங்களத்தூரில் பிறந்தவர். எங்கள் அப்பா சீக்கிரமே தவறியதால் கல்லூரி ஆசையை விட்டு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார். என்னைப் படிக்கவைக்கப் பார்த்தார், எனக்கு ஏறவில்லை. அவரே கூட்டிப்போய் லேத் பட்டறையில் சேர்த்துவிட்டார். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. மாடம்பாக்கத்தில் இந்த வீட்டைக் கட்டியபோதும், நாம் எல்லாரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மாடியை நமக்காகவே எழுப்பினார். பிள்ளை இல்லாத குறையை உங்களால் மறந்தார்.

பம்மலில் திரைச்சீலைக் கடை வைத்திருந்த ரஹீம் பாய், பள்ளிக்குத் துணி வாங்கப் போன இடத்தில் அவருக்குச் சிநேகிதரானார். பாயின் மச்சான் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் ஐரோப்பாவிலிருந்து வாங்கி வந்த பெட்டிகளில் விரல்நுனி உயரத்தில் பிளாஸ்டிக் சிப்பாய்கள் இருந்தார்கள். நாமே வர்ணம் அடித்து, மேஜையில் அணிவகுக்க வைத்து, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் போட்ட சண்டை. நீலச் சட்டை பிரஷ்யாவைப் பாய் எடுத்துக்கொண்டார். பெரியப்பாவுக்கு வெள்ளைச் சட்டை ஆஸ்திரியா.

“ஏண்ணா, தோத்த பக்கத்தையே எடுத்துக்கினே?” என்று கேட்டேன்.

“ஜெயிச்சவன் எல்லாம் ஒரே மாதிரிடா. தோத்தவன் காலரைப் பாரு, ரெஜிமென்ட்டுக்கு ஒரு கலர்.”

அது உண்மைதான். சிவப்பிலேயே பல சிவப்பு, பச்சையிலேயே பல பச்சை. பெரியம்மா தாம்பரம் மார்க்கெட்டில் பிளவுஸ் மேட்சிங் பார்க்கப் போனால் இவரும் கூடவே போய்த் துண்டுத்துணி கேட்பார்.

“ஏங்க, எனக்கு எடுக்க வந்தமா, உங்க சிப்பாய்க்கு எடுக்க வந்தமா?”

“ரெண்டு பேருக்கும்தான். அவங்களுக்குக் கொஞ்சம் போதும், நீதான் மீட்டர் கணக்குல கேக்கற.”

ஒரு ரெஜிமென்ட்டின் படத்தைப் பிரவுசிங் சென்டரில் பார்த்துக் கலர் பிரின்ட் எடுத்து வந்தார். திரையில் காலர் பச்சையாகத்தான் தெரிந்ததாம். பழைய மானிட்டர், அதில்தான் நிறம் மாறுகிறது என்று நினைத்துப் பிரின்டையே நம்பினார். பிரின்டரில் மஞ்சள் மை தீர்ந்துபோயிருந்தது. பச்சை நீலமாக வந்துவிட்டது. ரெஜிமென்ட் முழுவதற்கும் காலரும் கைப்பட்டையும் நீலமாக அடித்து, பெருமையாகப் பொழிச்சலூரில் பாய் வீட்டுக்குக் கொண்டுபோனார். நானும் போயிருந்தேன்.

பாய் ஒருவனை எடுத்து, மச்சான் புதிதாகக் கொண்டுவந்த புத்தகத்தின் பக்கத்தில் வைத்தார். “இன்னா சார் இது, கிளிப்பச்சை இல்ல இருக்கணும்? உங்க ஸ்கூல் யூனிபார்ம் மாரி கீது.”

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இன்னிக்கு மட்டும் ஆடிக்கலாமே பாய்.”

“தப்பு சட்டை போட்டவன் மேஜையில ஏறக்கூடாதுன்னு ரூல் போட்டதே நீங்கதான் சார். மஸ்கட்ல மகன் வூட்டுக்குப் போயிட்டு, ரம்ஜான் முடிஞ்சதும் வந்துடுவேன். அதுக்குள்ள பசங்களுக்குச் சட்டை மாத்தி வெய்யிங்க. இவங்களை வெச்சுதான் ஆட்டம்.”

பாய் புறப்பட்டுப் போன பிறகுதான் பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டது தெரிந்தது. டயாலிசிஸ் முடிந்து வந்த நாளில் படுத்தே இருப்பார். மறுநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பெரியம்மாவின் கிளிப்பச்சைத் துண்டுத்துணியைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு காலராக மாற்றுவார்.

“நான் அடிக்கட்டுமாண்ணா?”

“நீ லேத்துக்காரன். காலரோட கழுத்தையும் சீவிடுவே.” சிரித்துவிட்டு, “பாய் வர்றதுக்குள்ள முடிச்சிடணும்டா” என்றார். வேறு எதையும் அவர் எங்களிடம் கேட்டதில்லை.

பாயின் மருமகளுக்குப் பிரசவம் தள்ளிப்போனது, பயணமும் தள்ளிப்போனது. ஒருநாள் விடியற்காலையில் பெரியம்மா தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டுக் கண் மூடியவர் திறக்கவில்லை. கடைசி வரிசைக்காரர்கள் மட்டும் நீலக் காலரோடு நின்றார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நேரம் பார்க்காமல் ஆட்டோ ஓட்டி வந்த தெருக்காரர்களுக்கும், ரத்தம் கொடுத்த சபைப் பிள்ளைகளுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாய்க்கும் நன்றி சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், நடந்ததை எழுதுகிறேன்.

விமானத்திலிருந்து இறங்கி நேராக நம் வீட்டுக்கு வந்தார். கூடத்து அலமாரி முன்னால் போய்ச் சிப்பாய்களின் காலர்களைப் பார்த்தார். பிறகு, “தம்பி, மேஜையைப் போடு” என்றார். நான் அந்த ரெஜிமென்ட்டை அணிவகுக்க வைத்து, நீலக் காலர்களை மட்டும் ஒதுக்கினேன். பாய் அவர்களையும் ஒவ்வொருவராக எடுத்து வரிசையில் நிறுத்தினார்.

“ரூல் இருக்கே பாய்.”

“அது எங்க ரெண்டு பேருக்கு. நீ புதுசு தம்பி.”

எனக்கு ஆடத் தெரியாது. அண்ணன் இவர்களை எங்கே நகர்த்துவார் என்று கேட்டேன்.

“எங்க நகர்த்துவாரு? புதுசா அடிச்சவனை முன்னாடி வுடவே மாட்டாரு, பெயின்ட் உரிஞ்சிடுமாம். பின்னாடியே வெச்சுகினு தோத்துட்டுப் போவாரு.”

நானும் பின்னாலேயே வைத்தேன். பொழுது சாயும்போது வெள்ளைச் சட்டைக்காரர்கள் தோற்றார்கள். பாய் தன் ஆட்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்:

“அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க வூட்லயா, எங்க வூட்லயா சார்?”

பெரியம்மா சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

“எங்க வீட்லயே இருக்கட்டும் பாய்,” என்றேன்.