புளி போட்டுத் தேய்த்த ஓடுகள்

என் மனைவியின் தம்பி தொலைபேசியில் அழைத்தால் ஏதோ ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். நான் ஓய்வு பெற்று வெகுகாலமாகிவிட்டது. ஆனால் குடும்பத்தில் இன்னமும் என்னை நடமாடும் அரசாங்க கவுண்டராகத்தான் பார்க்கிறார்கள். பிறப்புப் பத்திரத்தில் எழுத்துப் பிழையா, கடை உரிமம் காலாவதியா, வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் மரம் நட்டுவிட்டாரா, உடனே தம்போய்க்கு, அதாவது எனக்கு, ஒரு அழைப்பு. வேலையில் இருந்த காலம் முழுவதும் நில அலுவலகத்தில் கழித்ததற்கு எனக்குக் கிடைத்த ஓய்வூதியத்தில் இதுவும் ஒரு பகுதி.

அன்று அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"மச்சான், கோயில்ல தூணுக்குக் குழி தோண்டுன எடத்துல பழைய சட்டி ஓடு, பீங்கான் துண்டெல்லாம் வருது. கொஞ்சம் வந்து பாருங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

யாரிடமும் சொல்லாதே என்று ஒருவர் கேட்டுக்கொண்டால், யாரிடமோ சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது என்றுதான் பொருள். என் அனுபவம் அப்படி.

அவர் பண்டார் தெங்காராவில் ஓர் அம்மன் கோயிலின் தலைவர். சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம், நடுவில் கோயில். பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இடிப்பதற்கு முன் பாலாலயம் செய்து, அம்மனைப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். கும்பாபிஷேக நாள் குறித்தாகிவிட்டது. பத்திரிகை அச்சாகி வீடு வீடாகப் போய்விட்டது. இந்த நாளை விட்டால் அடுத்த நல்ல நாள் மழைக்காலத்தைத் தாண்டித்தான். அதுவரை அம்மன் தகரத்தின் கீழே ஒழுகலில் உட்கார வேண்டும். மைத்துனர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, ஒரு நாள்கூடத் தள்ளாது என்று வாக்குக் கொடுத்தவர்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஓடுகள் குழியருகே இல்லை. அம்மன் முன்னால் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் இருந்தன. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, மேலே இரண்டு செவ்வரளிப் பூ. நீலக்கோடு போட்ட பீங்கான் துண்டுகள் நேற்று கடையில் வாங்கியதுபோல மின்னின. மண்சட்டி ஓடுகள்கூடப் பளிச்சென்று சிவந்திருந்தன.

"யாரு கழுவினது?"

"கோயில் மாதர் பகுதிப் பொம்பளைங்கதான் மச்சான். புளி போட்டு நல்லாத் தேச்சுட்டாங்க. அம்மா காலடியிலேர்ந்து வந்த பொருளு. அழுக்கோட வைக்க முடியுமா?"

மாதர் பகுதித் தலைவி பக்கத்தில் பெருமையோடு நின்றார். "அடிப்பக்கமெல்லாம் ஒரே கரி சார். ரெண்டு மணி நேரம் தேச்சோம்."

மண்ணிலிருந்து பழம்பொருள் கிடைத்தால் வேலையை நிறுத்தி மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மைத்துனரிடம் சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

"உங்களைக் கூப்பிட்டது வழி சொல்றதுக்கு. வழியை அடைக்கிறதுக்கு இல்ல."

"இதுதான் வழி."

"அலமாக்! பேசாம மேல மண்ணைத் தள்ளிட்டு கான்கிரீட் ஊத்தியிருக்கணும்."

அவர் ஊற்றியிருக்க மாட்டார். ஊற்றுகிறவர் என்னை அழைத்திருக்க மாட்டார். அன்று மாலையே கடிதம் எழுதிக் கொடுத்தோம். இணைப்பாகப் படங்கள், நில வரைபடத்தின் நகல், கோயில் பதிவின் நகல். கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் அலுவலகங்கள் திகைத்துப்போய் வேகமாக வேலை செய்யும். அப்படித்தான் நடந்தது. மூன்றாம் நாள் ஓர் ஆய்வாளர் வந்தார். அகழ்வாராய்ச்சி படித்த தமிழ்ப் பெண், நாற்பது வயதிருக்கும், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.

தாம்பாளத்தைப் பார்த்ததும் ஓர் ஓட்டை எடுத்து அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"கழுவிட்டீங்களா?"

"புளி போட்டு" என்றார் மாதர் பகுதித் தலைவி, குரல் சற்று இறங்கி.

"அந்தக் கரிதான்க்கா எனக்கு வேணும். அதுல அவங்க என்ன ஆக்கினாங்கன்னு ஒட்டியிருக்கும். நீங்க பழைய காலத்து கொழம்பையே கழுவி விட்டுட்டீங்க."

நல்லவேளை, கொட்டகை ஓரத்தில் ஒரு சிமெண்டுப் பையில் தேய்க்காத ஓடுகள் கொஞ்சம் மிச்சமிருந்தன. புளி தீர்ந்துபோனதுதான் காரணம். ஆய்வாளர் ஒரு பலகையில் அவற்றைப் பரப்பினார். நான் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். சும்மா ஒரு பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போகத்தான் நினைத்தேன். சாப்பாட்டு நேரம்வரை எழுந்திருக்கவில்லை.

நான் ஊர் என்று தெரிந்துகொண்டதெல்லாம் காகிதத்தில். மனை எண், எல்லைக்கல், அளவு, வரி. ஓர் ஊரைக் குப்பையிலிருந்து படிக்கலாம் என்பது எனக்குப் புதிது. சட்டியின் அடியில் ஒரு பக்கம் மட்டும் கரி தடித்திருந்தால் அடுப்பில் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று தெரியுமாம். பெரிய ஜாடியின் வாயோரம் தேய்ந்திருப்பது மூடியைத் திரும்பத் திரும்பத் திறந்ததால். நீலப் பீங்கான் கப்பலில் வந்தது. ஒரு துண்டில், உடைந்த விளிம்பை ஒட்டி இரண்டு சின்னத் துளைகள். உடைந்த கிண்ணத்தைத் துளைபோட்டுக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள்.

"தூக்கிப் போட மனசு வரல. வெலை அதிகமா இருந்திருக்கும்" என்றார். "எல்லாம் ஆத்தோரத்து ஊர்ல பொழங்கின சாமான் அங்கிள். சிப்பி இருக்கு, வலைக்குக் கட்டுற மண்குண்டு இருக்கு. வீட்டுக்குப் பின்னால குப்பைய கொட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. கொட்டக் கொட்ட அது மேடாயிடும்."

குப்பை கொட்டக் கூடாது என்ற பலகைக்குக் கீழேதான் நம் ஊரிலும் மேடு உயர்கிறது. முதல்முறையாக அந்தப் பழைய ஊர்க்காரர்கள்மேல் எனக்கு ஒரு சொந்தம் வந்தது.

ஆனால் ஆய்வாளருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஆறு இங்கிருந்து தூரம். கோயில் நின்ற இடமோ முன்பு சதுப்பு. குழிக்குள் இறங்கினார். சுவரைக் கரண்டியால் சீவிப் பார்த்தார். கருப்பு மண்ணும் சிவப்பு மண்ணும் மாவு பிசைந்ததுபோலக் கலந்து கிடந்தன. கடைசி ஓட்டுக்கும் கீழே கையை விட்டு எதையோ உருவினார். ஐஸ் தண்ணீர் கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பை, வாயில் சிவப்பு ரஃபியாக் கயிறோடு.

மைத்துனர் குழியின் விளிம்பில் குந்தினார். "அதுவும் பழசா?"

"இது மேல அந்த ஊரு உக்காந்திருக்க முடியாதில்ல? இது கொட்டுன மண்ணு. வேற எங்கேயோ இருந்த மேட்ட வெட்டி லாரில கொண்டாந்து ரொப்பியிருக்காங்க. இங்க ஊரு இல்ல."

"அப்ப வேலைய தொடங்கலாமா?"

"ஒரு பைய வெச்சு நான் எழுத முடியாது. எலி வளை வழியாக்கூட எறங்கும். எப்போ, எங்கேருந்து ரொப்பினாங்கன்னு ஒரு ஆதாரம் வேணும். அது இல்லன்னா முழுசா தோண்டிப் பாக்கணும். ரெண்டு மூணு மாசம் ஆகும்."

மைத்துனர் தகரக் கொட்டகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், வழக்கம்போல.

ஆதாரம் எனக்குத் தெரியும். அந்தச் சதுப்பை நிரப்ப மண் அனுமதி கேட்டு மனுப் போட்டவர் என் மாமனார், அப்போதைய கோயில் தலைவர். மனு வந்து விழுந்தது என் மேசையில். கோப்பு இப்போது இருக்காது. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து அழித்திருப்பார்கள். என் வாய் மட்டும்தான் மிச்சம்.

"நான் எழுதிக் கொடுக்கிறேன்" என்றேன். "ஆற்றோரத்து மேடு ஒன்றிலிருந்து எடுத்தது. அனுமதிக் கோப்பைப் பார்த்தவன் நான்."

ஆய்வாளரின் கண் விரிந்தது. "அங்கிள், நீங்க அந்த மேட்டப் பாத்திருக்கீங்களா? இடத்தைப் பார்வையிடாம அனுமதி குடுக்க மாட்டாங்களே. மேல ஓடு கெடந்துச்சா? கல்லு, செங்கல்லு ஏதாவது?"

பார்வையிடப்பட்டது, ஆட்சேபம் இல்லை. அந்த வரியை எழுதியது நன்றாக நினைவிருக்கிறது. மாமனார் என் எதிரே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். திருவிழாவுக்கு முன் மண் வேண்டும் என்றார். வெளியே மழை. நான் நாற்காலியிலிருந்து எழவே இல்லை. ஒரு மேடுதானே என்று நினைத்தேன். ஆற்றோரத்தில் ஏன் ஒரு மேடு தனியாக நிற்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

பார்த்தேன், மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். என் வயதில் மறதியை யாரும் குறுக்குவிசாரணை செய்ய மாட்டார்கள். ஆனால் அவர் அதையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். பிறகு யாராவது அதை நம்பி, மேட்டின்மேல் ஓடே இல்லை என்று முடிவு கட்டுவார்கள்.

"நான் போகவில்லை" என்றேன். "போனதாக எழுதினேன்."

மைத்துனர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மச்சான்! எடத்தைப் பாக்காம கையெழுத்துப் போடாதேன்னு என் கல்யாணத்துக்கு மண்டபம் புடிச்சப்பகூட பாடம் எடுத்தவர் லா நீங்க!"

"உங்க அப்பா தேத்தண்ணி குடிச்சு முடிக்கறதுக்குள்ள வேணும்னாரு" என்றேன்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "அதையும் சேத்து எழுதிக் குடுங்க அங்கிள்" என்றார். சத்தியப் பிரமாணமாகவே எழுதினேன். நான் எழுதியதிலேயே மிகச் சிறிய கடிதம் அது, ஒரு பக்கம்கூட இல்லை. எழுதி முடிக்க ஒரு முழு நாள் ஆனது.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. வேலையைத் தொடரலாம், தோண்டிய மண்ணையெல்லாம் சலித்த பிறகு. ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேர்ந்து கைவேலை, என்று மைத்துனர் ஊரைக் கூட்டினார். மாதர் பகுதி மாவு சல்லடைகளோடு வந்தது. தண்ணீரைத் தொடக் கூடாது என்று ஆய்வாளர் மூன்று முறை சொன்னார். எனக்கும் ஒரு சல்லடை கொடுத்தார்கள்.

மதியம் கான்கிரீட் லாரி வரும் நேரம். இன்னும் ஒரு குவியல் மண் பாக்கி இருந்தது. ஆய்வாளர் ஒரு மணி நேரம் கேட்டார். மைத்துனர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டே வந்தவர், மாதர் பகுதித் தலைவியின் சல்லடைக்குள் எட்டிப் பார்த்தார். பழுப்பாக, ஒரு பக்கம் ரம்பம்போலப் பல் வைத்த ஒரு முள்.

"என்ன இது?"

"மீன் முள்ளு சார். கெளுத்தியா இருக்கலாம்" என்றார் ஆய்வாளர்.

"இவ்ளோ பெரிசா?" விரலோடு வைத்து அளந்து பார்த்தார். "இந்த முள்ளுக்கு மீனு கையி நீளம் இருந்திருக்குமே. இப்ப ஆத்துல ஏது இதெல்லாம். எப்படி ஆக்கியிருப்பாங்க, புளி ஊத்தியா?"

மாதர் பகுதித் தலைவி தலை குனிந்துகொண்டார்.

மைத்துனர் கைபேசியை எடுத்து லாரிக்காரரைக் கூப்பிட்டார். மூணு மணிக்கு வந்தால் போதும் என்றார். நாள் தள்ளாது, மணிதானே தள்ளுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மண்ணருகே உட்கார்ந்து இன்னொரு சல்லடை கேட்டார்.