ஒன்பதாம் பக்கம்

நகரியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கைக்காரி கையில் புதுப் போன் இருந்தால் போதும், ரோஹிணி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "சோக்காத்தான் கீது. இவ்ளோ வேகத்துக்கு இன்னாத்த உட்டுக்குடுத்தான்? சூடாவுதா? சார்ஜ் நிக்குதா?" திருப்பதி வருவதற்குள் போன்காரிக்குப் பாதி ஆசை போய்விடும்.

முப்பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கில் பதினான்கு வருடம் லேப் பார்த்தவள், சம்பளமில்லா விடுப்பு எடுத்து திருப்பதியில் எம்.டெக். சேர்ந்தாள். பாடம், கணினிச் சில்லுகளின் உள்கட்டமைப்பு. ஒன்றைக் கூட்டினால் எது குறையும் என்று பார்ப்பதே அங்கே பாதிப் படிப்பு. அவளுக்கு அது குணமாகவே ஆகிவிட்டது. தறி ஓட்டும் கணவர் முனிரத்தினம் புதுச் சட்டையைக் காட்டவே பயப்படுகிறார். சொந்தக்காரர்கள் வயதைச் சொல்லிக் குத்தினால், "வயசு அது பாட்டுக்கு ஏறிக்கினு போவட்டும், நான் என் பாட்டுக்குப் படிச்சிக்கினு கீறேன்" என்பாள்.

வகுப்பில் எல்லோரும் வேகமான சில்லு வரைந்தார்கள். இவள் மாந்தோப்பில் சொட்டுநீர் வால்வைத் திறந்து மூட ஒன்று வரைந்தாள். அடுத்த கட்டளை எதுவென்று ஊகித்து முந்தி ஓடும் பகுதியையும், அடிக்கடி வேண்டியதைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கும் கேஷ் நினைவகத்தையும் பிடுங்கிப் போட்டாள். "வால்வு தொறக்க ஜோசியம் எதுக்கு?" இரண்டு பென்சில் பேட்டரியில் இரண்டு வருடம் ஓடும் என்று சோதனை சொன்னது. வேகத்தில் மட்டும் வகுப்பிலேயே கடைசி. அந்த வேக ஒப்பீட்டு அட்டவணையையும் அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் போட்டிருந்தாள்.

வாய்மொழித் தேர்வு நாளில் வழிகாட்டிப் பேராசிரியர் ரமணா அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை. "இதி எந்துக்கம்மா, இது எதுக்கு? வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர் பார்த்தா ரிஜெக்ட் பண்ணுவார். தீசெய்யம்மா, எடுத்துடு. ரிஜெக்ட் ஆனா இன்னும் ஆறு மாசம் படிக்க உன்னால முடியுமா?"

முடியாது. விடுப்பு இந்த மாதத்தோடு சரி. அவள் தேற வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அவர் சொன்னார். அதுவே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"உட்டதைச் சொல்லாம புட்ச்சதை மட்டும் சொன்னா அது வெளம்பரம் சார். நான் படிக்க வந்தேன்."

பியூன் கதவைத் திறந்து அவள் பெயரைக் கூப்பிட்டார். ரோஹிணி அறிக்கையின் பின்னை நகத்தால் நெம்பினாள். ஒன்பதாம் பக்கத்தை உருவி எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, ரமணா சாரின் ஸ்டேப்ளரை எடுத்து உள்ளங்கையால் ஓங்கிக் குத்தினாள்.