பென் டிரைவில் ஏறாத பஸ்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு எக்ஸ்ரேக்காரம்மா என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் எலும்பையெல்லாம் பார்த்தவள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிப் பழகி, வீட்டில் புருஷனிடம் பேசும்போதும் அதே அதட்டல் வந்துவிடும். புருஷன் பஸ் டிரைவர். டிரைவராக இருந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் காதுபட அப்படிச் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி!

மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றையும் ஒரே அடியாகச் சாய்த்துவிட்டுப் போனது. கால் ஓரளவு தேறியது. பேச்சு இழுத்து இழுத்து வந்தது. கைதான் சண்டித்தனம் பண்ணியது. பயிற்சிக்கென்று கொடுத்த ரப்பர் பந்தைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார் மனிதர். அவளும் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றச் சொல்லி, மேஜையில் திருகி மாட்டுகிற ஸ்டீயரிங்கும் பெடலும் வாங்கி வைத்தாள். முதல் நாள் "சின்னப் பிள்ளைங்க சாமான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் ஹாரன் அடித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை.

அந்த விளையாட்டில் நாமே சாலை போட்டுக்கொள்ளலாம். தான் பதினெட்டு வருஷம் ஓட்டிய ரூட்டை அவர் இடது கையால் மவுஸைப் பிடித்து அப்படியே உள்ளே கட்டினார். எட்டு மாசம் பிடித்தது. முப்பத்தோரு நிறுத்தம், வேகத்தடை, ஒருவழிப் பாதை, பள்ளிக்கூட வாசல் ஒன்றுவிடாமல் எல்லாம். அதற்கப்புறம் தினமும் காலையில் குளித்து, சட்டை போட்டு, பொத்தானை அவரே மாட்டிக்கொண்டு வந்து உட்காருவார். வலது கை தானாக ஸ்டீயரிங்குக்குப் போகும். அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பியது மருந்து மாத்திரை இல்லை, அந்த ரூட்தான். அது நின்றால் மனிதர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார் என்று அவளுக்குப் பயம்.

அப்படியிருக்க ஒருநாள் திரையில் அறிவிப்பு வந்தது. உங்கள் விண்டோஸ் பழசாகிவிட்டது, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இந்த விளையாட்டு இதில் திறக்காது. புது விண்டோஸை இந்தக் கம்ப்யூட்டர் தாங்காது என்று கடையில் கைவிரித்தார்கள்.

"வண்டிய… கண்டம் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார் டிரைவர். ஓட லாயக்கில்லை என்று டிப்போவில் பஸ்ஸை ஒதுக்குவதற்குப் பேர் கண்டம். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு தட்டிலேயே கிடந்தது.

ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியனுக்குக் கரண்ட்டு என்று பட்டப்பெயர். ஐம்பது வயசிலும் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸைப் போட்டு விளையாடுகிற ஆள். ஃபியூஸ் மாற்ற வந்த இடத்திலும் லினக்ஸ் புகழ் பாடாமல் நகரமாட்டார். அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தாலே நர்ஸுகள் ஆளுக்கொரு பக்கம் நழுவுவார்கள். அவரைத் தேடிக்கொண்டு போன முதல் ஆள் எக்ஸ்ரேக்காரம்மாதான். கரண்ட்டுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பழைய கம்ப்யூட்டரா? லினக்ஸுக்கு அது போதும்மா. விண்டோஸ் கேமும் ஓடும். நடுவுல மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒண்ணு உக்காந்துக்கிட்டு, கேம் கேக்கறத லினக்ஸுக்குப் புரியவைக்கும்."

"ஸ்டீயரிங் வேலை செய்யுமா அண்ணே?"

"ஜம்முனு செய்யும். ஒண்ணே ஒண்ணு, டிஸ்க்க மொத்தமா துடைச்சுட்டுத்தான் போடணும். வேணுங்கறத எல்லாம் முன்னாடியே பென் டிரைவ்ல ஏத்தி வச்சிரு."

"நல்லாச் சொன்னீங்க. தினம் நாப்பது பேருக்கு சிடி போட்டுக் குடுக்கறவ நான். எனக்குத் தெரியாதா?"

அங்கேதான் வந்தது வினை. எக்ஸ்ரே அறைக் கம்ப்யூட்டரில் நோயாளிகளின் படங்கள் திரை முகப்பிலேயே, பெயர் போட்ட சின்னச் சின்னப் பெட்டிகளாக இருக்கும். பெட்டியைப் பிடித்து இழுத்துப் போட்டால் படம் சிடிக்குப் போய்விடும். வீட்டுத் திரையிலும் 'என் ரூட்' என்று ஒரு பெட்டி இருந்தது. ஆனால் அது ரூட் இல்லை. ஸ்டீயரிங்கைச் சரிபார்க்க வந்த ஆள், சட்டென்று திறப்பதற்காகப் போட்டுக் கொடுத்த குறுக்குவழி. நிஜ ரூட், டிஸ்க்கின் அடியில் எங்கோ இருந்தது. இது அதைக் காட்டுகிற கைகாட்டி, அவ்வளவுதான். அவள் கைகாட்டியைப் பிடுங்கி பென் டிரைவில் போட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. எட்டு மாச உழைப்பு இத்தனை சீக்கிரமாகவா ஏறும் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். எங்கே யோசித்தாள்? "பாருங்க, எவ்வளவு சுளுவா முடிஞ்சுது" என்று புருஷனிடம் பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமை கரண்ட்டு போனில் சொல்லச் சொல்ல அவளே லினக்ஸ் போட்டாள். டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று கேட்டது. அழி என்றாள். மத்தியானத்துக்குள், புதிதாக இறக்கிய விளையாட்டு திறந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பஸ் திரும்பியது. டிரைவர் இடது கையால் தொடையில் தட்டி, "வண்டி… முன்னவிட நல்லாப் போகுது" என்றார். அவளுக்கு வாயெல்லாம் பல்.

அப்புறம் பென் டிரைவைச் சொருகினாள். 'என் ரூட்' திறக்கவில்லை. நாலு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய் மெதுவாகப் போன் பண்ணினாள்.

"எவ்வளவு பெரிசு காட்டுது?" என்று கேட்டார் கரண்ட்டு.

"ஒரே ஒரு கே.பி.ன்னு இருக்கு அண்ணே."

"அடக் கடவுளே, அது வெறும் கைகாட்டிம்மா, ரூட்டு அதுல ஏறவே இல்ல" என்றார். மறுநாள் நேரிலேயே வந்து என்னென்னமோ போட்டுத் தோண்டிப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. தப்பெல்லாம் தன்னுடையது மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அவள் புருஷன் எதிரில் உட்கார்ந்து உடைந்து அழுதாள். "நான்தாங்க தொலைச்சேன். என் கையாலேயே அழிச்சுட்டேன்."

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோணல் வாயால் சிரித்தார். "அடப் போடி. ரூட்டு… கம்ப்யூட்டர்லயா இருக்கு? இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். "மறுபடி போட்டுக்கறேன்."

அப்படியே அந்தக் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. போன உயிர் திரும்பி வந்தது.

அவர் மறுநாளே தொடங்கினார். டிப்போ, தண்ணீர்த் தொட்டி, மார்க்கெட், நூலகம், பெரிய ஆஸ்பத்திரி, கோர்ட். ஆறு நிறுத்தம். அடுத்த நாளும் அதே ஆறுதான். மூன்றாம் நாள் நூலகத்தை அழித்துவிட்டார், ஐந்து. மவுஸ் சரியில்லை என்றார், லினக்ஸ் சரியில்லை என்றார். அவளும் கூடச் சேர்ந்து லினக்ஸைத் திட்டினாள், கரண்ட்டையும் நாலு வார்த்தை திட்டினாள். நான்காம் நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், கோர்ட்டிலிருந்து ஒரு சாலை வளைந்து வளைந்து திரும்பவும் டிப்போவுக்கே போயிருந்தது.

"கோர்ட்டுக்கு அப்புறம்… என்ன வரும்?" என்று அவளைக் கேட்டார். ஏதோ மணி என்ன என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

விளையாட்டில் அம்புக்குறி வழி காட்டும். அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒரு குரல் சொல்லும். இத்தனை நாளும் அவர் ஞாபகத்தில் ஓட்டவில்லை, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஓட்டியிருக்கிறார். எப்போதிலிருந்து நழுவத் தொடங்கியது? பக்கத்திலேயே இருந்தவளுக்குத் தெரியாமல் போயிற்றே! இருந்த ஒரே பிரதியைத் துடைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவரோடு ஓடின பழைய கண்டக்டருக்குப் போன் போட்டாள். பஸ்ஸில் கூவுகிற மாதிரியே அவர் முப்பத்தொன்றையும் மளமளவென்று சொல்ல, அவள் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டாள். கடைசியில், "ஏம்மா, அவருக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியுமே?" என்றார்.

"தெரியும் அண்ணே. சும்மா சரிபாக்கத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

சாயங்காலம் சீட்டைப் பிரித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் படிக்கிறேன், நீங்க வைங்க. கோர்ட்டுக்கு அடுத்தது தபால் ஆபீஸ்."

"ஆமா" என்று தலையாட்டி வைத்தார்.

"பெண்கள் காலேஜ்."

"ஆமா, ஆமா."

"ரயில்வே கேட்."

"ஆமா."

முகத்தில் ஒரு தெளிவு, ஒரு சந்தோஷம். எல்லாம் திரும்பி வருகிறதோ என்று அவளுக்கு ஆசை வந்தது. ஆசையோடு சந்தேகமும் வந்தது. இருபத்திரண்டு வருஷம் எக்ஸ்ரே பார்த்த புத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுமா? சீட்டில் இல்லாத ஒன்றை வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அடுத்தது, கலங்கரை விளக்கம்."

அந்த ஊரிலிருந்து கடலுக்கு ஒரு நாள் பயணம். அவர் ஸ்டீயரிங்கின் மேல் வலது கையை வைத்தபடி யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"ஆமா… அங்க எப்பவும் கூட்டம். பாத்து நிறுத்தணும்."

அவள் அவர் கையிலிருந்து மவுஸை வாங்கி, கலங்கரை விளக்கத்துக்கும் ஒரு நிறுத்தம் வைத்தாள்.